குடி வராத வாசல்கள்

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். நம் பிள்ளைகள் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சின்ன வயசில் இருந்த வீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டால் காட்டாதீர்கள். நான் காட்டினேன். பத்து நாளாக ஒழுங்கான தூக்கம் இல்லை.

மகன் திருத்தணி என்று தட்டினான். மலை வந்தது, கோயில் வந்தது, ரயில் பாதை வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளு, கனகம்மாசத்திரம் போகிற ரோட்டுப் பக்கம் என்றேன். ஒரு பெரிய வெளி. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கோடுகளின் மேல் பெயர்கள். மூன்றாவது குறுக்குத் தெரு, ஏழாவது குறுக்குத் தெரு, பத்தாவது குறுக்குத் தெரு.

"இவ்ளோ தெரு இருக்கு, வீட்டையே காணோமே?" என்றான்.

இரண்டு கூரை மட்டும் தெரிந்தது. ஒன்று எங்களுடையது. இன்னொன்றைப் பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர், அங்கே அப்படித்தான். நைனாவுக்கு மலைக்கோயில் மடைப்பள்ளியில் பொங்கல் கிண்டுகிற வேலை. அவருடைய அப்பாவுக்கும் அதுதான். மலையடிவாரத்தில் சித்தப்பா பெரியப்பா எல்லாரும் ஒன்றாக இருந்த வீட்டில் எங்களுக்கு ஓர் அறை. எனக்குப் பத்து வயதான வருடம், நைனாவின் கையில் யாரோ ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். இருநூறு மனை, முப்பதடி ரோடு, பூங்கா, பள்ளிக்கூடம், பஸ் நிலையம். நைனா தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு அங்கே ஒரு மனை வாங்கி, ஓர் அறையும் அடுப்படியும் கட்டி, மேலே சிமெண்டு ஷீட்டைப் போட்டார். மனை வாங்கிய உடனே வீடு கட்டிய ஒரே ஆள் இவர்தான்.

"மெட்ராஸ் வளந்துகினே வருது. மலைமேல நின்னு பாத்தா எனக்குத் தெரியுது. இன்னும் அஞ்சே வருஷம், நம்ம வாசல்ல டவுன் பஸ் வந்து நிக்கும் பாரு," என்பார்.

மலைமேல் நின்று அப்படி என்னத்தைப் பார்த்தாரோ தெரியாது. மனிதர் ஏமாளி என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் பெரியவளானபின் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிக்க வரவில்லை.

மனைப்பிரிவின் ப்ளூ பிரிண்டை முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார். அம்மா ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். அதில் பூங்கா என்று போட்டிருந்த இடத்துக்கு நான் விளையாடப் போவேன். வேலிகாத்தான் முள் காலில் குத்தும். பள்ளிக்கூடம் என்று போட்டிருந்த இடத்தில் எருமைகள் படுத்திருக்கும். மற்ற இடமெல்லாம் தலையில் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல்தான். மனைக்கு நாலு கல். ஒவ்வொரு முக்கிலும் சிமெண்டில் செய்த தெருப் பெயர்ப் பலகை. ஆறு விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள், கம்பி இழுக்கவில்லை.

அம்மா அம்மையார்குப்பத்துக்காரி. வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற தெருவில் பிறந்து வளர்ந்தவள். அந்தச் சத்தத்தில் சாப்பிட்டு, அந்தச் சத்தத்திலேயே தூங்கினவளைக் கொண்டுவந்து இந்த வெளியில் விட்டால் என்ன ஆவாள்? நைனா விடியுமுன்னே மலையேறிப் போய்விடுவார். நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். கைக்குழந்தையாக என் தம்பி மட்டும் அவளோடு. சாயங்காலம் நான் திரும்பி வரும்போது டிரான்சிஸ்டர் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு எதுவும் இல்லை, இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் கொர்ரென்று இரைச்சல் மட்டும் வரும். அதை வைத்துக்கொண்டுதான் அம்மா அரிசி புடைப்பாள்.

"பாட்டு வைக்கலாமேம்மா?"

"பாட்டு முடிஞ்சா நின்னு போயிடுது. இது நிக்க மாட்டேங்குது, இருக்கட்டும்."

பேட்டரி தீர்ந்த அன்று அம்மா தாங்கவில்லை. நைனா மலையிலிருந்து இறங்கி வந்து பிரசாதப் பொட்டலத்தை வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"தை பொறந்து பத்து நாள் பாப்பேன். இந்த வெளியில வேற ஒரு மனையிலயாவது வூடு கட்டக் கடக்கால் தோண்டணும். இல்லன்னா சின்னவனத் தூக்கிகினு எங்கூருக்குப் போயிடுவேன். பொண்ணுக்குப் பள்ளிக்கூடம் இருக்குது, அவ இங்க இருக்கட்டும். நீங்களும் உங்க பொண்ணும் உங்க பட்டணத்தோட இருங்க."

"சாமிக்கே கோவம் தணிஞ்ச மலை இது. நீ இன்னாத்துக்கு இவ்ளோ கோவப்படற?" என்றார் நைனா.

"உங்க சாமிக்குத் தணிஞ்சிது. எனக்குத் தணியல."

அம்மா என்னை விட்டுவிட்டுப் போவேன் என்று எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் பாருங்கள். நான் மூலையில் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாளாக நாளாக எனக்கு ஒன்று புரிகிறது, அவள் திரும்பியிருந்தால் அதைச் சொல்லியிருக்க முடியாது. அன்றைக்கு அது புரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், தை மாதத்துக்குள் யாராவது ஒருத்தர் வந்தாக வேண்டும் என்பதுதான்.

மார்கழி பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸிலிருந்து ஒரு வேன் வரும். மனை பார்க்க ஆட்களை இலவசமாக ஏற்றி வந்து, எலுமிச்சைச் சாதப் பொட்டலமும் கொடுப்பார்கள். மனை விற்கிற ஏஜெண்ட் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன்சீட்டில் வருவார். மார்கழியில் யாரும் மனை முடிக்க மாட்டார்கள், பார்த்துவிட்டுத் தையில்தான் முடிப்பார்கள். அவர் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, உங்க வாசல்ல கோலம் ஜோராப் போடறீங்க. அப்படியே ரோட்டுலேர்ந்து உள்ள வர்ற வழியில இருக்கற மனைங்க முன்னாடியும் ஆளுக்கொரு கோலம் போட்டு வுடுங்களேன். பாக்கறவங்களுக்குக் குடி வரப்போற எடம்னு ஒரு நெனப்பு வரும்."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "சாவு வீட்லதான் ஆள் இருந்தும் கோலம் போட மாட்டாங்க. ஆளே இல்லாத வாசல்ல கோலம் போடச் சொல்றீங்களே, அது இன்னா வூடுங்க? நான் போட மாட்டேன்."

அவர் சிரித்துவிட்டு இரண்டு பாக்கெட் கோலமாவை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதை எடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நைனா மலைக்குப் புறப்பட்டுப் போனபின் நானும் எழுந்தேன். பனி. எதிரில் நிற்கிற விளக்குக் கம்பம்கூடத் தெரியாத பனி. மலைமேல் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடுவது மட்டும் கேட்டது. தேங்காய்த் தொட்டியில் கோலமாவை அள்ளிக்கொண்டு போய், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் மண்ணைக் கையால் தட்டிச் சமன் செய்து கோலம் போட்டேன். எனக்குத் தெரிந்தது மூன்றே கோலம். நாலு புள்ளிக் கோலம், நட்சத்திரம், கோணலாக ஒரு தாமரை. முதல் நாள் இருபத்து மூன்று மனைக்குப் போட்டேன்.

போடப் போட மனைகளில் ஆட்கள் குடி வந்தார்கள். ஏழாம் நம்பர் மனை அக்காவுக்குக் கால் வலி, அதனால் சின்னக் கோலம். பதினாலாம் நம்பரில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது, அதற்குத் தாமரை. இருபதாம் நம்பரில் என் வயதுப் பெண் ஒருத்தி. அவளோடு நான் சத்தமாகவே பேசுவேன். அவள் பதில் சொல்லாமல் ஒரு நாள் கோபித்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்பது போய்த் தினமும் போட ஆரம்பித்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒன்றும் கேட்கவில்லை.

மார்கழியின் மூன்றாவது ஞாயிறு. வேனில் வந்தவர்களில் ஒரு பெண்மணி தனியாக, குடை பிடித்துக்கொண்டு, மற்றவர்களை விட்டு விலகித் தெருத்தெருவாக நடந்து வந்தார். நல்ல உயரம். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் ஒரு தையல் டீச்சர் என்று பின்னால் தெரிந்தது. பத்தாவது குறுக்குத் தெருவில் பெயர்ப் பலகைமேல் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து நின்றார்.

"பாப்பா, இந்தக் கோலமெல்லாம் யார் போட்டது?"

"இங்க இருக்கறவங்க."

"இங்க யாரையும் காணமே?"

"எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்க. பொங்கலுக்கு வந்துருவாங்க."

"வீட்டையும் கூடவே எடுத்துகினு போயிட்டாங்களா?"

அவர் சிரிக்காமல் கேட்டார். நான் விடவில்லை. கடக்கால் தோண்டுவதற்கு முன்னால் நாற்பத்தெட்டு நாள் வாசலுக்குக் கோலம் போட வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம், எல்லாரும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், தையில் வந்து வீடு கட்டுவார்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அவர் கோலமாவு ஒட்டியிருந்த என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ எந்த வீடு?"

"அதோ. எங்கம்மா எப்பவும் வூட்லதான் இருப்பாங்க."

"எப்பவுமா?"

"ஆங். எங்கயும் போவ மாட்டாங்க."

சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அதுதான். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா மோர் கொடுத்தாள். மெட்ராஸில் பத்துப் பெண்களுக்கு ஒரு குழாய் இருக்கிற இடத்தில் ஓர் அறையில் பல வருடமாக இருக்கிறாராம். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லையாம். அம்மாவும் அவரும் அரைமணி நேரம் பேசினார்கள். அம்மா ஒரே நாளில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

"பக்கத்துல பேச்சுத் துணைக்கு ஒருத்தர் இருந்தாப் போதுங்க எனக்கு," என்றார் டீச்சர்.

அம்மா தன் கெடுவைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஊருக்குள்ள வாடகைக்கு இருங்க, இங்க வராதீங்க என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் பொய் சொன்னது நான் மட்டும் இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

தை பிறந்து ஐந்தாம் நாள் எங்கள் எதிர்மனையில் கடக்கால் தோண்டினார்கள். டீச்சர் வேலையை விட்டுவிட்டு, கைக்கு வந்த எல்லாவற்றையும் அந்த மனையில் போட்டுவிட்டார். ஆனி மாதம், காலால் மிதிக்கிற தையல் மெஷினோடு குடி வந்தார். ஊருக்குள் கடைகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார். அந்த மெஷின் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்ட முதல் நாள் அம்மா மத்தியானம் பாயை விரித்துப் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினாள். அப்புறம் டிரான்சிஸ்டரைத் தொடவே இல்லை. இரண்டு பேரும் ஒருவர் வாசலில் ஒருவர் உட்கார்ந்து கீரை ஆய்வார்கள். அம்மா சிரித்தால் பல் தெரியும் என்பதை அந்த நாலு மாதத்தில்தான் நான் கண்டுபிடித்தேன்.

டீச்சர் எனக்கு மஞ்சள் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்துக் கொடுத்தார். கோலமாவு வைத்துக்கொள்ள.

"தொட்டியில எடுத்துகினு போனா வழியெல்லாம் சிந்துதுல்ல," என்றார்.

நான் தொட்டியில் எடுத்துக்கொண்டு போனது அவருக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பத்து வயதுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. தோன்றியபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த வெளி முழுக்க ஒரு காலத்தில் ஏரிக்குத் தண்ணீர் போகிற பாதை என்பது எருமை மேய்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. மஞ்சள் கற்கள் ஒவ்வொன்றாக முழுகின. தம்பிக்குக் காய்ச்சல் ஏறி, மத்தியானம் ஜன்னி கண்டுவிட்டது. நைனா மலைமேல். டீச்சர் எதிர்வீட்டிலிருந்து தண்ணீரில் இறங்கி வந்தார். தம்பியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் உயரத்துக்கே இடுப்பளவு தண்ணீர். பின்னால் அம்மா, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான். ரோட்டுக்குப் போய் லாரியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூன்று நாளும் டீச்சர் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தம்பி பிழைத்துக்கொண்டான்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வெளிக்குத் திரும்ப மாட்டேன் என்றாள். நைனா இந்தத் தடவை மறுபேச்சுப் பேசவில்லை. நானும் அவரும் மாட்டுவண்டி வைத்துக்கொண்டு சாமான் எடுக்கப் போனோம். கட்டில், பாத்திரம், முருகன் படம். ப்ளூ பிரிண்டை நைனா எடுக்கவில்லை. சுருக்குப்பையை நான் ஜன்னலில் மறந்து வைத்துவிட்டேன்.

டீச்சர் தன் வாசலில் நின்றார். "தண்ணி வடிஞ்சதும் வந்துருவீங்கல்ல?" என்று நைனாவைக் கேட்டார்.

நைனா மாட்டின் கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டார். யாராவது பதில் சொல்ல வேண்டுமே என்று நான் சொன்னேன்.

"பொங்கலுக்கு வந்துருவோம், டீச்சர்."

வாடகை வீட்டிலிருந்து அந்த வெளிக்கு நடந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் ஒருவரும் போகவில்லை. முதலில் தம்பிக்கு உடம்பு தேறட்டும் என்றோம், அப்புறம் பரீட்சை முடியட்டும் என்றோம், அப்புறம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது என்றாகிவிட்டது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் ஒரு தடவை டீச்சரின் அந்தக் குடையைப் பார்த்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய்ப் பூக்கடையில் சாத்தி வைத்திருந்த காவடிகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அம்மா அவரைக் கடைத்தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள் என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டதில்லை. அம்மா போய்விட்டாள். நைனாவும் போய்விட்டார்.

இப்போது நான் மெட்ராஸில் பதினாறாம் மாடியில் இருக்கிறேன். எங்கள் கட்டடத்திலும் ஏறத்தாழ இருநூறு வீடுதான். யாராவது பார்க்க வந்தால் கீழே காவலாளி கைப்பேசியில் தட்டுகிறார், நான் மேலே சரி என்று தட்டினால்தான் லிப்ட்டில் விடுவார். ஒரு வாரமாக யாரும் வரவில்லை, நான் எதையும் தட்டவில்லை. வாசலில் ஒட்டிய ஸ்டிக்கர் கோலம் அழிவதும் இல்லை. எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அவர்கள் வாசலிலும் அதே கோலம்.

அதனால்தான் மகனைக் காரை எடுக்கச் சொன்னேன். கைப்பேசி வழி சொல்லிக்கொண்டே வந்தது. வலதுபக்கம் திரும்பு, இடதுபக்கம் திரும்பு, ஏழாவது குறுக்குத் தெரு, பத்தாவது குறுக்குத் தெரு. முள்ளும் மண்ணுமான இடத்தில் அது ஒவ்வொரு தெருவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. தூரத்தில் புது விரைவுச் சாலைக்குத் தூண்கள் வரிசையாக நின்றன. நைனா சொன்ன பட்டணம் வந்தேவிட்டது, தலைக்கு மேலே போவதற்காக. நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்றது கைப்பேசி.

இரண்டு வீட்டுச் சுவரிலும் சிவப்பு பெயிண்டில் நம்பர் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் கூரை பாதி இல்லை, உள்ளே வேலிகாத்தான் வளர்ந்து ஜன்னல் வழியாக வெளியே வந்திருந்தது. வாசல் மட்டும் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. நடுவில் நாலு புள்ளிக் கோலம். ஈரம் காயவில்லை.

எதிர்வீட்டிலிருந்து குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். கூன் விழுந்து என் உயரத்துக்கு வந்துவிட்டார். கையில் துவைத்துத் துவைத்து வெளுத்த மஞ்சள் சுருக்குப்பை.

"ரோடு அளக்கறவங்களா? தையில இடிக்கப் போறோம்னு போன வாரமும் ஒருத்தர் வந்தாரு. அவர்கிட்டயும் சொன்னேன், அது காலி வூடு இல்ல. அதுல ஆளுங்க இருக்காங்க. ஊருக்குப் போயிருக்காங்க, பொங்கலுக்கு வந்துருவாங்க."

நான் யார் என்று சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் எவ்வளவு நாளாக இங்கே கோலம் போடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"அவங்க போன நாள்லேர்ந்து. கோலம் இல்லன்னா ஆள் இல்லன்னு ஆயிடும்ல?"

என் விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். அடையாளம் தெரிந்துதான் பார்த்தாரா, வயதான கண் எங்காவது நிற்க வேண்டுமே என்று நின்றதா, எனக்குத் தெரியவில்லை. மோர் கொடுத்தார். குடித்தேன். மகன் காரில் உட்கார்ந்தபடி நேரமாகிறது என்று கைப்பேசியில் செய்தி அனுப்பினான்.

கிளம்பும்போது கார் வரைக்கும் கூடவே வந்தார். "திரும்ப எப்பம்மா வருவ?" என்று கேட்டார்.

பொங்கலுக்கு என்பது வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு காரில் ஏறிக்கொண்டேன்.